மூக்கில் ஏறினால் அதே மாத்திரை அல்ல

1930களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த ஸ்மித், க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம் மூக்கடைப்புக்கு ஒரு சின்னக் குழாயை விற்றது. பென்செட்ரின் இன்ஹேலர் என்று பெயர். சளி பிடித்தவர் அதை மூக்கில் வைத்து மூச்சை இழுத்தால் அடைப்பு விலகும். டாக்டர் சீட்டு வேண்டாம், கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும். உள்ளே இருந்தது ஆம்ஃபிடமைன். சரக்கு குழாயில் இல்லை, அதற்குள் இருக்கும் மருந்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஜனங்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. குழாயை உடைத்து, மருந்தில் ஊறிய காகிதச் சுருளை எடுத்து விழுங்கினார்கள். 1949-ல் அந்த நிறுவனம் குழாயில் இருந்த மருந்தையே மாற்றவேண்டி வந்தது. 1959-ல் ஆம்ஃபிடமைன் இன்ஹேலருக்கு டாக்டர் சீட்டு கட்டாயமாயிற்று. மூக்குக்கென்று கொடுத்தது இப்படி வயிற்றுக்குப் போனது. இன்று கதை தலைகீழ். அதே ஆம்ஃபிடமைன் குடும்பத்தைச் சேர்ந்த ஆடரால் மாத்திரை வயிற்றுக்கென்று எழுதிக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் அதைப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்சுகிறார்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கும் தோன்றும் சமாதானம் ஒன்று உண்டு. ஹெராயினா உறிஞ்சுகிறார்கள்? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே, பள்ளிக்கூடப் பிள்ளைகளே தினமும் விழுங்குவதுதானே, வாயில் போனால் என்ன, மூக்கில் போனால் என்ன? இந்தச் சமாதானத்தில் பிழை எங்கே என்று பார்ப்பது அவசியம். ஏனென்றால் உறிஞ்சுகிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதும் இதுதான். டாக்டர் எழுதிக் கொடுப்பது வெறும் வேதிப்பொருளை மட்டும் அன்று. எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நேரத்தில் மூளைக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற கணக்கும் சேர்ந்ததுதான் மருந்து. அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது வேறொரு பொருள். பெயரும் நிறமும் மாறாததால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்படி எழுதிக் கொடுக்கப்படும் இரண்டு மருந்துகளின் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆம்ஃபிடமைனை 1887-ல் பெர்லினில் முதன்முதலில் தயாரித்தவர் ருமேனிய வேதியியலாளர் லசார் எடலேயானு. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் நடத்தை சிக்கல் கொண்ட 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேர் படிப்பில் திடீரென்று ஆர்வம் காட்டினார்கள். இரண்டாவது மருந்தான மெத்தில்பெனிடேட்டை 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கியவர் லியாண்ட்ரோ பனிட்ஸோன். மனைவி ரீட்டாவின் பெயரையே அதற்கு வைத்தார்: ரிட்டாலின். டென்னிஸ் ஆடப்போகும் முன் அந்த அம்மாள் அதை விழுங்குவாராம். ஆடரால் என்ற பெயரில் ஆம்ஃபிடமைன் உப்புகளின் கலவை சந்தைக்கு வந்தது 1996-ல். கவனக்குறைவு, மிகைத் துடிப்பு ஆகியவற்றால் அவதிப்படுகிறவர்களுக்கு, அதாவது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு, இவை உண்மையிலேயே உதவுகின்றன. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். இரண்டு மருந்துகளையும் 1971-லேயே அமெரிக்க அரசு மார்ஃபினுக்கும் கொகெய்னுக்கும் உரிய இரண்டாவது அட்டவணையில் சேர்த்துவிட்டது என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். மருத்துவப் பயன் உண்டு, பழக்கமாகும் அபாயமும் அதிகம் என்பதே அந்த அட்டவணையின் பொருள்.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைய வேண்டும், குடலில் உறிஞ்சப்பட வேண்டும், பிறகு கல்லீரலைத் தாண்ட வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது; அது தன் பங்குக்கு மருந்தைச் சிதைத்துவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. மெத்தில்பெனிடேட் விஷயத்தில் இந்தச் சுங்கவரி மிகக் கடுமை. விழுங்கியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரத்த ஓட்டத்தில் மிஞ்சுகிறது. மாத்திரையின் அளவை நிர்ணயித்தவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் வைத்தே நிர்ணயித்தார்கள். மூக்கின் சளிச்சவ்வு வழியாகப் போகும் மருந்துக்கு அந்தச் சுங்கச்சாவடி கிடையாது. நேரே ரத்தத்தில் கலந்து, இதயத்தைச் சுற்றி, மூளைக்குப் போய்விடுகிறது. ஆக, மாத்திரையின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லிகிராம் எண் வாய்க்கு மட்டுமே பொருந்தும். ஆம்ஃபிடமைனின் கதை கொஞ்சம் வேறு. அதைக் கல்லீரல் அவ்வளவாகச் சிதைப்பதில்லை. மூக்கு வழியாகப் போனால் அளவு பெரிதாகக் கூடிவிடாது. கூடுவது வேகம். அளவு கூடாவிட்டால் ஆபத்தும் கூடாது என்று இதை வைத்து முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன.

1990களில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் தலைமையில் நடந்த ஆய்வுகள் அவற்றில் முதன்மையானவை. இவர்தான் 2003-ல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் மருந்து எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பெட் ஸ்கேன் மூலம் இவர்கள் பார்த்தார்கள். மூளை நரம்பு முனைகளில் டோபமைன் என்ற வேதித் தூதுவனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் கடத்திகள் இருக்கின்றன. கொகெய்ன் அவற்றை அடைத்துவிடுகிறது, டோபமைன் வெளியே தேங்குகிறது, போதை ஏறுகிறது. மெத்தில்பெனிடேட்டும் அதே கடத்திகளைத்தான் அடைக்கிறது. சிகிச்சை அளவில் வாய்வழி கொடுத்தாலே பாதிக்கு மேல் அடைத்துவிடுகிறது. அப்படியானால் மாத்திரை விழுங்கும் குழந்தைகள் எல்லாம் போதையில் மிதக்க வேண்டுமே? மிதப்பதில்லை. ஆனால் அதே மருந்தை நரம்பில் ஊசியாகப் போட்டபோது தன்னார்வலர்கள் போதையை உணர்ந்தார்கள். இரண்டு வழியிலும் அடைபட்ட கடத்திகளின் அளவு ஒப்பிடத்தக்கதாக இருந்தும் அனுபவம் மாறியது. வித்தியாசம் நேரத்தில் இருந்தது. ஊசியில் பத்து நிமிடத்துக்குள் மூளையில் உச்சத்தைத் தொடும் மருந்து, வாய்வழி போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரே அளவு மழை மூன்று நாளாகப் பெய்தால் ஏரி நிறைகிறது, மூன்று மணி நேரத்தில் கொட்டினால் கரை உடைகிறது. மூளை டோபமைனைப் பெறுவதும் அப்படித்தான்.

ஊசியும் மூக்கும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல, மூக்கு ஊசியைவிட மெதுவானது. ஆனால் இந்தத் தர்க்கம் படிப்படியாக எல்லா வழிகளுக்கும் பொருந்துவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கொகெய்னைப் புகைத்தவர்களையும் மூக்கில் இழுத்தவர்களையும் வோல்கோவ் குழு 2000-ல் ஒப்பிட்டது. கடத்திகள் அடைபட்ட அளவு கிட்டத்தட்ட ஒன்றே. வேகமாக மூளையை எட்டிய புகைதான் அதிகப் போதை தந்தது. 2006-ல் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஸ்பென்சரின் குழு இன்னும் நுணுக்கமான ஒரு காரியம் செய்தது. உடனே கரையும் மெத்தில்பெனிடேட்டையும், மெல்ல மெல்ல வெளிவிடும் மெத்தில்பெனிடேட்டையும், ரத்தத்தில் இரண்டின் உச்ச அளவும் சமமாக வரும்படி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே வாய்வழிதான். அப்போதும் விரைந்து ஏறியதைத்தான் ஆட்கள் 'பிடித்திருக்கிறது' என்றார்கள். வாய்க்குள்ளேயே வேகம் இவ்வளவு வித்தியாசம் செய்யும் என்றால், மூக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிடித்துப்போவதுதான் பழக்கத்தின் முதல் படி. விழுங்கும்போது மருந்து ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகிறது; உறிஞ்சும்போது அது மூளைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது, 'இந்தச் செயலுக்கு உடனே பலன் உண்டு' என்று. மூளை அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

இதே உண்மையை மருந்துக் கம்பெனிகள் எதிர்த்திசையில் பயன்படுத்தியிருக்கின்றன. 2007-ல் வந்த வைவான்ஸ் என்ற மருந்தில் ஆம்ஃபிடமைன் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கட்டிய நிலையில் அது வேலை செய்யாது. ரத்தச் சிவப்பணுக்கள் அந்தக் கட்டை மெதுவாக அறுத்தால்தான் மருந்து விடுபடும். அதனால் எந்த வழியில் உள்ளே அனுப்பினாலும் அதன் வேகம் கூடுவதில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு இதை வாய்வழியும் மூக்குவழியும் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் ஆம்ஃபிடமைன் ஏறிய விதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வழியை மாற்றியும் வேகம் மாறவில்லை என்றால் மூக்குக்கு எந்தத் தனிப் பெருமையும் இல்லை. ஆம்ஃபிடமைனில் மூக்கு கொடுப்பது வேகத்தை மட்டுமே என்பதற்கு இதைவிட நேரடியான சோதனையைக் கற்பனை செய்வது கடினம்.

போதை ஒருபுறம் இருக்கட்டும். உடம்பு என்ன ஆகிறது? இந்த மருந்துகள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். மெதுவாக ஏறும்போது உடல் அதற்கு ஈடுகொடுக்கிறது. மருத்துவரும் அவ்வப்போது சோதித்துக்கொள்கிறார். திடீர் உச்சத்துக்கு அந்த அவகாசம் இல்லை. இதயக் கோளாறு இருப்பதே தெரியாத இளைஞருக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். மதுவோடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: தள்ளாட்டத்தை மருந்து மறைத்துவிடுவதால் தான் எவ்வளவு குடித்தோம் என்பதே குடித்தவருக்குத் தெரிவதில்லை. மூக்கின் பாடு தனி. மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதியெல்லாம் அதைப் பிடித்து வைத்திருக்கும் மாவும் செல்லுலோஸும் டால்க்கும் சாயமும். வயிறு இவற்றைப் பொருட்படுத்தாது. ஈரமான மெல்லிய சளிச்சவ்வு பொருட்படுத்தும். ஊக்க மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த இடத்தில் இந்தத் தூசி போய்ப் படிகிறது. ரத்தக் கசிவு, ஆறாத புண், கடைசியில் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது வரை போகலாம். ரிட்டாலினை மூக்கில் உறிஞ்சியதால் நேர்ந்த ஒரு மரணம் 1999-லேயே தடயவியல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியிருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., இந்த வகை மருந்துகள் அனைத்தின் கட்டம் கட்டிய எச்சரிக்கையையும் புதுப்பித்தது. உறிஞ்சுவதும் ஊசியில் ஏற்றுவதும் அளவு மிஞ்சிச் சாவதற்கான அபாயத்தைக் கூட்டும் என்று அதில் இருக்கிறது. தவறாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மருந்து பெரும்பாலும் நண்பர்களிடமிருந்தும் குடும்பத்தாரிடமிருந்துமே கிடைக்கிறது என்றும் எஃப்.டி.ஏ. அப்போது சொன்னது. தெருமுனை வியாபாரியைவிட அறைத்தோழனின் அலமாரிதான் முக்கியம் என்று இதற்கு அர்த்தம்.

இனி மறுப்புகளுக்கு வரலாம். போதைக்காக அல்ல, பரீட்சைக்காகத்தான் என்பது மாணவர்கள் சொல்லும் முதல் மறுப்பு. நாளைக் காலை தேர்வு, இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டும், மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் காத்திருக்க நேரமில்லை. இந்த வாதம் தன் காலிலேயே இடறி விழுகிறது. இரவு முழுக்கப் படிக்க வேண்டியவனுக்குத் தேவை நீண்ட நேரம் நிலைத்து நிற்கும் மருந்து. மூக்கு தருவதோ சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் உச்சம். அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்து விடியற்காலையைத் தோற்கிறான். அதைவிடப் பெரிய கேள்வி, ஏ.டி.எச்.டி. இல்லாதவருக்கு இந்த மருந்து படிப்பில் உதவுகிறதா என்பது. 2013-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்த்தா ஃபாராவும் சகாக்களும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆடரால் கொடுத்து நினைவாற்றல் முதலிய பல திறன்களைச் சோதித்தார்கள். திறன் அநேகமாக மாறவில்லை. தன் திறன் கூடிவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் கூடியது. 2023-ல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேருக்குச் சிக்கலான கணக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்கள் அதிக நேரம், அதிக முனைப்போடு உழைத்தார்கள். உழைப்பின் தரம் குறைந்தது. கை வேகமாக ஓடியது, புத்தி கூட ஓடவில்லை. இதைத்தான் மூக்கு வழியாக இன்னும் வேகமாக அடைய முயல்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது: மூக்கு வழி மருந்து என்றாலே தீங்கா? மருத்துவமே மூக்கைப் பயன்படுத்துகிறதே? உண்மை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு மயக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவரை மீட்க நாலக்சோன் மூக்கில்தான் பீய்ச்சப்படுகிறது. 2023 முதல் அமெரிக்காவில் அது சீட்டில்லாமலே கிடைக்கிறது. மைக்ரேன் தலைவலிக்கு ஸ்ப்ரே இருக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்கெட்டமைன் 2019-ல் மூக்கு மருந்தாகவே அனுமதி பெற்றது. ஆனால் மருத்துவர் கண்முன்னால்தான் எடுக்க வேண்டும், எடுத்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். இவற்றில் வேகம் நோயாளிக்குத் தேவைப்படுகிறது. அந்த வேகத்துக்கென்றே அளவும் கரைசலும் கண்காணிப்பும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மூக்கின் வேகம் தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. மேடைப் பேச்சுக்கு முன்னால் ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்ட அரசியல் தலைவர்களையும், வகுப்புக்கு நடுவே மட்டையைத் திறந்த வாத்தியார்களையும் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மூக்குப்பொடியின் நிகோடின் அவர்களை விட்டதா என்று அவர்களின் கைக்குட்டைகளைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது, எண்ணிக்கையைப் பற்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வின்படி, சீட்டில்லாமல் இந்த மருந்துகளை எடுத்த மாணவர்களில் 95 சதவீதம் பேர் விழுங்கியிருந்தார்கள். உறிஞ்சியவர்கள் 38 சதவீதம். பெரும்பாலோர் விழுங்கும்போது சிறுபான்மையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உறிஞ்சியவர்களில் அநேகரும் விழுங்கியவர்களே. இவர்களை இரண்டு தனி ஜாதிகளாகப் பிரிக்க முடியாது. அதற்காக விழுங்குவதால் ஆபத்தில்லை என்றும் ஆகிவிடாது. 2022 மே மாதம் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்துபோனார்கள். ஃபென்டனில் என்ற ஓபியாய்டு கலந்த போலி ஆடரால் மாத்திரைகள் புழங்குவதாக அப்போது அந்தப் பல்கலைக்கழகம் எச்சரித்தது. போலி மாத்திரைக்கு எல்லா வழியும் மரண வழிதான். அசல் மாத்திரை என்றால் வழியே பாதி விஷயம்.

அப்படியானால் பொடியாக்கவே முடியாத மாத்திரையைச் செய்துவிட வேண்டியதுதானே? முயன்று பார்த்தார்கள். உறிஞ்சினால் பயன் தராதபடி வடிவமைத்த ஓர் ஆம்ஃபிடமைன் காப்ஸ்யூல் 2020 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு முன் வந்தது. குழு அதை ஆதரிக்கவில்லை. மூக்கை அடைத்தால் சிலர் ஊசிக்குப் போய்விடுவார்களோ என்பது அங்கே எழுந்த கவலைகளில் ஒன்று. அந்தக் கவலைக்கு முன்னுதாரணம் உண்டு: 2010-ல் ஆக்ஸிகான்டின் வலிமருந்து மாத்திரையை நசுக்க முடியாதபடி மாற்றியபின் கணிசமானோர் ஹெராயினுக்குத் தாவியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டு போகும் இந்த அணுகுமுறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொடக்கத்திலேயே மெதுவான மருந்தை எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அது நோயாளிக்கும் நல்லது, அலமாரியைத் திறக்கும் அறைத்தோழனுக்கும் அதில் கவர்ச்சி குறைவு. மருத்துவர் இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும். 'ஒழுங்காக மாத்திரை எடுக்கிறாயா' என்று மட்டும் கேட்டால், 'எடுக்கிறேன்' என்ற பதில் மூக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

இந்தியாவில் ஆடரால் விற்பனையில் இல்லை. மெத்தில்பெனிடேட் கிடைக்கிறது, ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதால் கட்டுப்பாடும் பதிவேடும் கடுமை. இங்கே பிரச்சினை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது: தேவைப்படும் குழந்தைகளுக்கே மருந்து எளிதில் கிடைப்பதில்லை. அதனால் அமெரிக்காவின் பீதியை இங்கே இறக்குமதி செய்வதில் நியாயமில்லை. மேல்படிப்புக்கு அங்கே போகும் நம் பிள்ளைகளின் கதை வேறு. ஊரில் கேள்விப்பட்டே இராத மாத்திரை விடுதி அறையில் சாதாரணமாகக் கைமாறுவதை அவர்கள் பார்ப்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இந்த மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்திய மாணவர் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளும் இருந்தன. கடந்த ஓராண்டில் நான்கில் ஒருவருக்கு மேல் பயன்படுத்திய பள்ளிகளும் இருந்தன. சுற்றியிருக்கும் கூட்டம் எது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் எல்லாம் தீர்மானமாகிறது.

அமெரிக்காவில் வைவான்ஸ் போன்ற மெதுவான மருந்துக்கு இருந்த தடை விலை. வைவான்ஸின் காப்புரிமை முடிந்து, 2023 ஆகஸ்டில் அதன் மலிவான ஜெனரிக் வடிவங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஆடராலில் தொடங்கிய தட்டுப்பாடு இதற்கும் பரவிவிட்டதால், அனுமதி கிடைத்தும் மருந்துக்கடைக்குச் சரக்கு வந்து சேரவில்லை. 2024 செப்டம்பரில்தான் அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் அதன் உற்பத்தி வரம்பைச் சுமார் 24 சதவீதம் உயர்த்தியது. இடைப்பட்ட மாதங்களில் அந்த மருந்து கிடைக்காத நோயாளிகளில் பலர் கடையில் எது இருந்ததோ அதற்கு மாறவேண்டியிருந்தது; உடனே கரையும் பழைய மாத்திரைகளும் அதில் உண்டு.